கண் சிமிட்டும் நட்சத்திரம், நெளியும் லேசர்: காற்றின் நடுக்கத்தை ட்ரோன் எப்படி அளக்கிறது?

நல்ல உச்சிவெயிலில் நெடுஞ்சாலையில் நின்று, தூரத்தில் வரும் பேருந்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் டயர், பம்பர் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல நெளிந்து நெளிந்து தெரியும். ராத்திரி மொட்டை மாடியில் படுத்து வானத்தைப் பார்த்தால் நட்சத்திரம் கண் சிமிட்டும். இந்த ரெண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நம் கண்ணுக்கும் அந்தப் பொருளுக்கும் நடுவில் இருக்கும் காற்று ஒரே சீராக இல்லை.

நமக்கு இது வேடிக்கை. ஆனால் கோடிக்கணக்கில் செலவு செய்து டெலஸ்கோப் கட்டுபவர்களுக்கும், கேபிள் இல்லாமல் லேசர் ஒளியில் இன்டர்நெட் அனுப்புபவர்களுக்கும், லேசரால் எதிரி ட்ரோனைச் சுட்டு வீழ்த்த நினைக்கும் ராணுவத்துக்கும் இது பெரிய தொல்லை. அதனால், எந்த இடத்தில், எந்த உயரத்தில், எவ்வளவு நடுக்கம் இருக்கிறது என்று அளந்தே ஆக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், நடுக்கம் மிக அதிகமாக இருப்பது தரையை ஒட்டிய காற்றில். அதிலும் சில பத்து மீட்டருக்கு மேலே போய்விட்டால் கோபுரம் எட்டாது. பலூனோ அந்த உயரத்தில் நிற்காது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் விஞ்ஞானிகள் ட்ரோனை எடுத்திருக்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது? முழு விவரம் இங்கே.

ஆப்டிகல் டர்புலன்ஸ் என்றால் என்ன?

டர்புலன்ஸ் என்றதும் விமானம் குலுங்குவதுதான் ஞாபகம் வரும். இது அது இல்லை. விமானத்தைக் குலுக்குவது காற்றின் வேகத்தில் வரும் மாற்றம். ஒளியைக் குலுக்குவது காற்றின் வெப்பநிலையில் வரும் மாற்றம். இதற்குத்தான் 'ஆப்டிகல் டர்புலன்ஸ்' என்று பெயர். தமிழில் 'ஒளியியல் கொந்தளிப்பு' எனலாம்.

பள்ளியில் படித்த ஒளிவிலகல் பாடம் நினைவிருக்கிறதா? தண்ணீர் டம்ளருக்குள் வைத்த பென்சில் உடைந்தது போலத் தெரியுமே, அதேதான். ஒளி ஓர் ஊடகத்திலிருந்து வேறொன்றுக்குப் போகும்போது வளைகிறது. எவ்வளவு வளையும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண்.

வெற்றிடத்துக்கு இந்த எண் 1. கடல் மட்டத்தில் இருக்கும் காற்றுக்கு சுமார் 1.0003. வித்தியாசம் ரொம்பச் சின்னது. ஆனால் காற்று சூடானால் அடர்த்தி குறையும், அடர்த்தி குறைந்தால் இந்த எண்ணும் குறையும். வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் மாறினால், ஒளிவிலகல் எண் ஏறக்குறைய பத்து லட்சத்தில் 1 பங்கு மாறும்.

பத்து லட்சத்தில் 1 பங்கா, அதனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். வெயிலில் காயும் தரைக்கு மேலே சூடான காற்றுப் பொட்டலங்கள் ஒன்றன் பின் ஒன்றாக எழும்பிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த காற்று கீழே இறங்கும். ஒவ்வொரு பொட்டலமும் ஒரு சின்ன, மோசமாகச் செய்த லென்ஸ் மாதிரி வேலை செய்யும். இப்படி ஆயிரக்கணக்கான லென்ஸ்களைத் தாண்டி வரும் ஒளி எப்படி நேராக வரும்?

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாலையில் தண்ணீர் தேங்கியது போலத் தெரிவது கானல் நீர். பழந்தமிழில் இதற்குப் 'பேய்த்தேர்' என்று பெயர். தரையை ஒட்டிய சூடான காற்றடுக்கும் மேலே இருக்கும் காற்றும் சேர்ந்து ஒளியை ஒரே பக்கமாக வளைப்பதால் அது வருகிறது. அந்தக் காட்சி நடுங்குகிறது பாருங்கள், அந்த நடுக்கம்தான் ஆப்டிகல் டர்புலன்ஸ்.

இதற்கு அளவுகோல் இருக்கிறதா?

இருக்கிறது. அதன் அடிப்படையை 1941-இல் போட்டவர் ரஷ்யக் கணித மேதை ஆந்த்ரே கோல்மோகரோவ். பெரிய சுழல் உடைந்து சின்னச் சுழலாகும், அது இன்னும் சின்னதாகும், கடைசியில் சில மில்லிமீட்டர் அளவில் வெப்பமாகக் கரைந்துவிடும் என்ற படத்தை வைத்து அவர் கணக்குப் போட்டார். இந்தக் கலவரத்துக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதுதான் அவர் கண்டது.

அந்த ஒழுங்கை வைத்து வந்த அளவைத்தான் ஆய்வாளர்கள் 'சி-என் ஸ்கொயர்' என்கிறார்கள். ஓர் இடத்தில் ஒளிவிலகல் எண் எவ்வளவு தாறுமாறாக இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் இது. அமைதியான உயர்வானத்தில் 10⁻¹⁷ அளவுக்குக் குறைவாகவும், வெயில் காயும் தரைக்குப் பக்கத்தில் 10⁻¹³ அல்லது அதற்கு மேலும் இருக்கும். அதாவது ரெண்டுக்கும் நடுவில் பத்தாயிரம் மடங்கு வித்தியாசம்.

இன்னொரு அளவு, டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் சொல்லும் 'சீயிங்'. வானில் ஒரு புள்ளியாகத் தெரிய வேண்டிய நட்சத்திரம் எவ்வளவு கலங்கி, பரவித் தெரிகிறது என்பதுதான் இது. அலகு ஆர்க்செகண்ட். 1 டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு 1 ஆர்க்செகண்ட். 4 கிலோமீட்டர் தள்ளி ஒருவர் 1 ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால், அந்த நாணயம் தெரியும் அளவு கிட்டத்தட்ட இதுதான்.

யாருக்கு என்ன நஷ்டம்?

*டெலஸ்கோப்:* திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்குள்ள வைணு பாப்பு டெலஸ்கோப்பின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். 1986-இல் திறக்கப்பட்டது. காற்றே இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய கண்ணாடியால் சுமார் 0.05 ஆர்க்செகண்ட் வரை நுணுக்கமாகப் பார்க்க முடியும். ஆனால் சீயிங் 1 ஆர்க்செகண்டாக இருக்கும் இரவில், படத்தின் கூர்மை 10 சென்டிமீட்டர் டெலஸ்கோப்பில் கிடைப்பதைவிடப் பெரிதாக இருக்காது. கண்ணாடி பெரிதாக இருப்பதால் வெளிச்சம் நிறைய சேரும், மங்கலான பொருளும் தெரியும். ஆனால் கூர்மை வராது. இது காவலூருக்கு மட்டும் இல்லை, உலகத்தில் தரைமீது நிற்கும் எல்லா டெலஸ்கோப்புக்கும் பொருந்தும்.

இந்தத் தொல்லை ஐசக் நியூட்டனுக்கே தெரிந்திருந்தது. 1704-இல் வெளியான 'ஆப்டிக்ஸ்' நூலில், காற்றின் நடுக்கத்தை எந்த டெலஸ்கோப்பாலும் போக்க முடியாது, உயரமான மலை உச்சிதான் வழி என்ற பொருளில் எழுதியிருக்கிறார். 1990-இல் ஹப்பிள் டெலஸ்கோப்பை விண்வெளிக்கே கொண்டுபோனதற்கும் இது முக்கியக் காரணம்.

*லேசர் தகவல் தொடர்பு:* 2023 டிசம்பரில் நாசா, சைக்கி விண்கலத்திலிருந்து ஒரு பூனை வீடியோவை லேசர் மூலம் பூமிக்கு அனுப்பியது ஞாபகம் இருக்கலாம். சுமார் 3.1 கோடி கிலோமீட்டர் தூரம். வேகம் நொடிக்கு 267 மெகாபிட். பூமியிலும் இதே தொழில்நுட்பம் ஓடுகிறது. காங்கோ ஆற்றின் ஒரு கரையில் பிரசாவில், மறுகரையில் கின்ஷாசா. கேபிள் போடக் கடினமான இந்த ஆற்றுக்குக் குறுக்கே, கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் 'தாரா' திட்டம் லேசர் இணைப்பு கொடுத்தது. இந்தியாவில் இதே திட்டம் 2023-இல் ஏர்டெல்லுடன் கைகோத்தது. வழியில் காற்று நடுங்கினால் லேசர் புள்ளி இடம் மாறும், பரவும், வெளிச்சம் ஏறி இறங்கும். அங்கே டேட்டா போய்விடும்.

*லேசர் ஆயுதம்:* 2025 ஏப்ரலில் ஆந்திரத்தின் கர்னூலில் டிஆர்டிஓ 30 கிலோவாட் லேசர் ஆயுதத்தைச் சோதித்து ட்ரோனை வீழ்த்திக் காட்டியது. இந்த வகை ஆயுதத்தில் ஒளி முழுவதும் சின்னப் புள்ளியில் சில நொடிகள் நிலையாக நிற்க வேண்டும். காற்று அந்தப் புள்ளியைப் பரப்பிவிட்டால், சுடுவதற்குப் பதிலாகச் சூடேற்றுவதோடு நின்றுவிடும்.

பனிமூட்டம், மேகம், புகை எல்லாம் வேறு பிரச்சினை. அவை ஒளியை மறைக்கும். டர்புலன்ஸ் மறைக்காது, கலைக்கும். அதனால்தான் பளிச்சென்று வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் இது மோசமாக இருக்க முடியும்.

உயரம் ஏன் முக்கியம்?

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம். பட்டர் பேப்பர் ஒன்றை எடுத்து செய்தித்தாள்மேல் ஒட்டினாற்போல வையுங்கள். எழுத்தைப் படித்துவிடலாம். இப்போது அதே பேப்பரை எழுத்திலிருந்து தூக்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். ஒன்றும் தெரியாது. பேப்பர் அதே பேப்பர்தான், இடம்தான் மாறியிருக்கிறது.

காற்றும் இப்படித்தான். கலங்கிய காற்று பார்ப்பவருக்குப் பக்கத்தில் இருந்தால் படம் அதிகம் கெடும். தரையிலிருந்து மேலே அனுப்பும் லேசருக்கும் இதே கதை. கிளம்பும் இடத்திலேயே கொஞ்சம் திசை பிசகினால், போகப் போகப் பிசகு பெரிதாகும். ஆகவே மொத்த நடுக்கம் எவ்வளவு என்று மட்டும் தெரிந்தால் போதாது. அது எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் தெரிய வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் அன்டார்டிகாவில் உள்ள 'டோம் சி'. கடல் மட்டத்திலிருந்து 3,200 மீட்டருக்கு மேல் இருக்கும் பனி மேடு இது. அங்கே மேலே இருக்கும் வானம் உலகிலேயே மிக அமைதியானவற்றில் ஒன்று. 2004-இல் வெளியான ஆய்வில், சுமார் 30 மீட்டருக்கு மேலே இருக்கும் காற்றைக் கணக்கெடுத்தபோது சீயிங் 0.27 ஆர்க்செகண்டுதான் இருந்தது. அசத்தலான எண். ஆனால் பனித்தரையில் டெலஸ்கோப்பை வைத்தால் கதை தலைகீழ். தரையை ஒட்டிய அந்த ஏறக்குறைய 30 மீட்டர் காற்றடுக்கே பெரும்பாலான நடுக்கத்தை வைத்திருப்பதால், சீயிங் 1 ஆர்க்செகண்டைத் தாண்டிவிடுகிறது.

யோசித்துப் பாருங்கள். அங்கே டெலஸ்கோப்பை 30 மீட்டர் தூக்கி வைப்பதா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. தரையடுக்கின் கனம் தெரியாமல் கட்டினால், உலகின் சிறந்த வானத்துக்குக் கீழே நின்றும் கலங்கிய படம்தான் கிடைக்கும்.

இதுவரை எப்படி அளந்தார்கள்?

நான்கு வழிகளைச் சொல்லலாம்.

- கோபுரம்: 10, 20, 30 மீட்டர் உயரத்தில் சென்சார் கட்டி வைப்பது. துல்லியம் நன்றாக இருக்கும். ஆனால் ஒரே இடம், குறைந்த உயரம்.

- சின்டிலோமீட்டர்: ஒரு முனையில் ஒளி அனுப்பும் கருவி, மறுமுனையில் வாங்கும் கருவி. நடுவில் ஒளி எவ்வளவு மினுக்குகிறது என்று பார்த்துக் கணக்கிடுவது. மொத்தப் பாதைக்கும் சேர்த்து ஒரே எண்தான் கிடைக்கும். எந்த இடத்தில் அதிகம் என்று தெரியாது.

- டிம் எனும் கருவி: சின்ன டெலஸ்கோப்பின் வாயில் ரெண்டு ஓட்டை வைத்து, ஒரே நட்சத்திரத்தின் ரெண்டு படங்கள் ஒன்றை ஒன்று ஒப்பிட எவ்வளவு ஆடுகின்றன என்று பார்ப்பது. உலகம் முழுக்க வானாய்வுக்கூடங்களில் இதுதான் வழக்கம். இதுவும் தரை முதல் வானம் வரை மொத்தக் கணக்குதான்.

- பலூன்: மெல்லிய வெப்ப சென்சார்களைக் கட்டி பலூனைப் பறக்கவிடுவது. 20, 30 கிலோமீட்டர் உயரம் வரை போகும். ஆனால் பலூன் நொடிக்கு சுமார் 5 மீட்டர் வேகத்தில் ஏறும். முதல் 100 மீட்டரைக் கடக்க வெறும் 20 நொடி. எந்த அடுக்கைக் கவனமாகப் பார்க்க வேண்டுமோ, அதை ஒரே மூச்சில் தாண்டிவிடும். காற்று இழுத்த பக்கம் போய்விடும், பெரும்பாலும் கருவி திரும்பிக் கிடைப்பதும் இல்லை.

ட்ரோன் வந்தது இங்கேதான். சொன்ன இடத்தில் நிற்கும். 10 மீட்டர், 20 மீட்டர், 30 மீட்டர் என்று படி ஏறுவது போல நின்று நின்று அளக்கும். ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்துக்கு மறுபடியும் போகும். கருவியும் பத்திரமாகத் தரைக்கு வரும்.

ட்ரோன் எப்படி அளக்கிறது?

மூன்று முறைகள் இருக்கின்றன.

*முதல் முறை, மெல்லிய கம்பி.* பிளாட்டினம் அல்லது டங்ஸ்டன் கம்பி, தடிமன் சில மைக்ரான் மட்டுமே. நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் என்றால் இது எவ்வளவு மெல்லியது என்று புரியும். வெப்பநிலை மாறினால் கம்பியின் மின்தடை மாறும். கம்பி மெல்லியது என்பதால் காற்றின் சூடு மாறிய உடனேயே அதுவும் மாறிவிடும். சாதாரண தெர்மாமீட்டர் விழித்துக்கொள்வதற்குள் இந்தக் கம்பி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை கணக்குச் சொல்லிவிடும்.

இப்படி ரெண்டு கம்பிகளை, உதாரணமாக 1 மீட்டர் இடைவெளியில், ஒரு நீளமான தண்டின் ரெண்டு முனையிலும் பொருத்துவார்கள். ஒரே நேரத்தில் ரெண்டு இடத்தின் வெப்பநிலை. ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். அந்த வித்தியாசத்தை வர்க்கம் எடுத்து, சராசரி பார்த்து, காற்றழுத்தத்தையும் சராசரி வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்கிட்டால் சி-என் ஸ்கொயர் வந்துவிடும்.

எண்ணோடு பார்ப்போம். வெப்பநிலை 27 டிகிரி, அழுத்தம் 1,000 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். 1 மீட்டர் தள்ளி உள்ள ரெண்டு கம்பிகளுக்கு நடுவே:

- வித்தியாசம் சராசரியாக 0.5 டிகிரி என்றால், சி-என் ஸ்கொயர் சுமார் 2×10⁻¹³. கடும் நடுக்கம்.
- 0.1 டிகிரி என்றால் சுமார் 8×10⁻¹⁵. நடுத்தரம்.
- 0.01 டிகிரி என்றால் சுமார் 8×10⁻¹⁷. நல்ல அமைதி.

பத்தில் ஒரு டிகிரிக்கும் நூறில் ஒரு டிகிரிக்கும் நடுவில் நூறு மடங்கு வித்தியாசம். அதனால்தான் இந்தக் கருவிக்கு இவ்வளவு நுணுக்கம் தேவைப்படுகிறது.

*ரெண்டாவது முறை, சோனிக் அனிமோமீட்டர்.* மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அனுப்பி, போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் கருவி இது. காற்று எதிரே வீசினால் ஒலி தாமதமாகும், கூடவே வீசினால் சீக்கிரம் போகும். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். இதை வைத்துக் காற்றின் வேகம், வெப்பநிலை ரெண்டையும் ஒன்றாக எடுத்துவிடலாம். கம்பி போல அறுந்துபோகும் பயம் இல்லை. ஆனால் எடை கூடுதல்.

ஒரே ஒரு சென்சார் வைத்தும் அளக்க ஒரு வழி இருக்கிறது. ரயில் நிலையத்தில் ஒரே இடத்தில் நின்றாலே, கடந்து போகும் ரயிலின் எல்லாப் பெட்டியையும் எண்ணிவிடலாம் இல்லையா? அதே மாதிரி, காற்றுச் சுழல்கள் வடிவம் மாறாமல் சென்சாரைக் கடந்து போகின்றன என்று வைத்துக்கொண்டு, நேரக் கணக்கைத் தூரக் கணக்காக மாற்றுகிறார்கள். பிரிட்டன் விஞ்ஞானி ஜி.ஐ. டெய்லர் 1938-இல் சொன்ன யோசனை இது. இதற்குக் காற்றின் வேகம் சரியாகத் தெரிய வேண்டும்.

*மூன்றாவது முறை, ஒளி.* ட்ரோனில் பிரகாசமான விளக்கையோ, வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் கண்ணாடியையோ கட்டி மேலே நிறுத்துவது. தரையில் இருக்கும் டெலஸ்கோப் அந்த ஒளி எவ்வளவு ஆடுகிறது, மினுக்குகிறது என்று பார்க்கும். ஒரு வகையில் நமக்கு நாமே செய்துகொண்ட நட்சத்திரம் இது. வேண்டிய உயரத்தில், வேண்டிய திசையில் நிறுத்தலாம் என்பது லாபம். ட்ரோனே ஆடுவதைக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும் என்பது சிரமம்.

ட்ரோன் விசிறியே காற்றைக் கலைக்காதா?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. சரியான கேள்வியும்கூட. குளம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று பார்க்க, உள்ளே இறங்கிக் கலக்கிப் பார்ப்பது போல ஆகிவிடக் கூடாது.

நான்கு விசிறி உள்ள ட்ரோன், மேலே இருக்கும் காற்றை இழுத்துக் கீழே தள்ளித்தான் மிதக்கிறது. அதன் அடியில் இருக்கும் காற்று முழுக்கக் கலங்கியிருக்கும். மோட்டாரும் பேட்டரியும் சூட்டைக் கக்கும். நூறில் ஒரு டிகிரியை அளக்க வந்த கருவிக்கு இது போதும், மொத்தக் கணக்கும் கெட்டுவிடும்.

இதைச் சமாளிக்கச் சில வழிகளைக் கையாளுகிறார்கள். சென்சாரை விசிறிகளுக்கு மேலேயோ முன்னாலோ தள்ளி, நீண்ட தண்டில் வைப்பது. காற்று வரும் திசையைப் பார்த்தபடி ட்ரோனை நிறுத்துவது. மேலே ஏறும்போது எடுத்த அளவை மட்டும் நம்புவது. இறங்கும்போது, தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே ட்ரோன் நுழையும் என்பதால் அந்த அளவு பெரும்பாலும் தேறாது. அதிர்வினால் கம்பியில் வரும் பொய்யான துடிப்பையும் கணினியில் வடிகட்ட வேண்டும்.

கடைசியில் ஒரு பரீட்சையும் உண்டு. ஏற்கெனவே சென்சார் கட்டிய கோபுரத்துக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் ட்ரோனை நிறுத்தி, ரெண்டும் ஒரே எண்ணைச் சொல்கின்றனவா என்று பார்ப்பார்கள். அதில் தேறினால்தான் கோபுரம் இல்லாத இடத்தில் அந்த ட்ரோனை நம்ப முடியும்.

இன்னொரு வழி, விசிறிக்குப் பதில் சிறகு. சின்ன விமானம் போன்ற ட்ரோனில் சென்சார் மூக்குப் பகுதியில் இருக்கும். கலங்காத காற்று முதலில் சென்சாரைத் தொட்ட பிறகுதான் உடலைத் தொடும். ஆனால் இந்த வகை ஒரே இடத்தில் நிற்காது, வட்டமடித்துத்தான் ஏற வேண்டும்.

ஜப்பானில் நடந்த சோதனை

சிறகு வைத்த ட்ரோனுக்கு நல்ல உதாரணம் 'டேட்டாஹாக்'. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் உருவானது. சிறகின் அகலம் சுமார் 1 மீட்டர்தான். மெல்லிய கம்பி சென்சாரோடு பறக்கும்.

இதை 2015 முதல் 2017 வரை ஜப்பானின் ஷிகராகி மலைப்பகுதியில் பறக்கவிட்டார்கள். அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ் விஞ்ஞானிகள் சேர்ந்து செய்த ஆய்வு இது. ஷிகராகியைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அங்கே கியோட்டோ பல்கலைக்கழகத்தின் எம்.யு. ரேடார் இருக்கிறது. 475 ஆன்டெனாக்கள், 103 மீட்டர் விட்டமுள்ள வட்டத் திடல். வளிமண்டலத்தைக் கீழிருந்து மேல்வரை பார்க்கும் ராட்சசக் கருவி.

ரேடார் கீழே இருந்து பார்க்க, ட்ரோன் அதே காற்றுக்குள் வட்டமடித்து ஏறி, நேரடியாகத் தொட்டு அளந்தது. தூரத்திலிருந்து பார்ப்பதும் பக்கத்தில் போய்த் தொடுவதும் ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட முடிந்தது. வானம் முழுக்க ஒரே மாதிரி கலங்குவதில்லை, மெல்லிய தாள்களை அடுக்கினாற்போல அமைதியும் கலக்கமும் மாறி மாறி இருக்கும். அந்த அடுக்குகளுக்குள் புகுந்து பார்க்க ட்ரோன் உதவியது.

ஒரு சின்ன வித்தியாசம் கவனிக்க வேண்டும். ரேடார் பார்ப்பது ரேடியோ அலைக்கான ஒளிவிலகலை. அதில் ஈரப்பதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கோ வெப்பநிலைதான் பிரதானம். அதனால் ரேடார் சொல்வதை அப்படியே டெலஸ்கோப்புக்குப் பொருத்திவிட முடியாது. இதற்கும் நேரடி வெப்பநிலை அளவு தேவைப்படுகிறது.

இந்தியாவுக்கு என்ன பயன்?

காற்றின் நடுக்கத்தைப் பார்த்து இடம் தேர்ந்தெடுப்பது நமக்குப் புதிது இல்லை. ராஜஸ்தானின் உதய்ப்பூரில் ஃபதேசாகர் ஏரிக்கு நடுவே, ஒரு சின்னத் தீவில் சூரிய ஆய்வகம் இருக்கிறது. ஏரிக்குள் போய் ஏன் கட்ட வேண்டும்? தரை போலத் தண்ணீர் சட்டென்று சூடாகாது. சூடான காற்று எழும்புவது குறையும். சூரியனைப் பகலில்தான் பார்க்க முடியும் என்பதால், பகல் நடுக்கத்திலிருந்து தப்பிக்க இது நல்ல உத்தி.

லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் கண்ணாடி கொண்ட இமாலயன் சந்திரா டெலஸ்கோப் இருக்கிறது. பாங்காங் ஏரிக்கரையில் உள்ள மேராக்கில் 2 மீட்டர் தேசிய சூரிய டெலஸ்கோப் அமைக்கும் திட்டமும் உள்ளது. இது போன்ற இடங்களில் கண்ணாடியை எத்தனை மீட்டர் உயரத்தில் வைக்க வேண்டும், ஏரிக்கரையா, சற்றுத் தள்ளியா என்ற முடிவுகளுக்குத் தரையடுக்கின் கணக்கு நேரடியாக உதவும்.

லேசர் பக்கமும் வேலை நடக்கிறது. 2021 மார்ச்சில் இஸ்ரோ, அகமதாபாத்தில் 300 மீட்டர் தூரத்துக்குத் திறந்தவெளியில் குவாண்டம் தகவல் தொடர்பை நடத்திக் காட்டியது. இந்தத் தூரம் கூடக் கூட, நடுவில் இருக்கும் காற்றின் குணம் தெரிந்தாக வேண்டிய கட்டாயமும் கூடும்.

ஆனால் மலையில் ட்ரோன் ஓட்டுவது எளிதில்லை. 4,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைவு. விசிறிக்குப் பிடிமானம் குறையும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

சட்டமும் இருக்கிறது. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளின்படி, பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரைதான் முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். அதற்கு மேல் போக அனுமதி வேண்டும்.

ட்ரோனால் முடியாதது என்ன?

- விசிறி ட்ரோன்கள் பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடம்தான் பறக்கும். கோபுரம் போல இரவும் பகலும் நிற்காது.

- உயர்வானத்தில், சுமார் 10 கிலோமீட்டரில் ஓடும் ஜெட் காற்றோட்டத்தின் நடுக்கத்தை அதனால் எட்ட முடியாது. அதற்குப் பலூனும் தரைக்கருவிகளும்தான் வழி.

- மழை, பலத்த காற்று என்றால் பறக்க முடியாது. மைக்ரான் கம்பி ஒரு தூசி பட்டாலும் அறுந்துவிடலாம்.

- நடுக்கம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஒருநாள் பறந்து எடுத்த எண்ணை வைத்து ஓர் இடத்தை நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. பல மாதங்கள், எல்லாப் பருவத்திலும் அளக்க வேண்டும்.

ஆகவே ட்ரோன் பழைய கருவிகளை வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை. மேலே பலூன், கீழே கோபுரம், நடுவில் விட்டுப்போன பகுதிக்கு ட்ரோன் என்று மூன்றும் சேர்ந்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*ஒரு நாளில் எப்போது நடுக்கம் குறைவு?*
வழக்கமாக சூரிய உதயத்துக்குச் சற்றுப் பிறகும், அஸ்தமனத்துக்குச் சற்று முன்பும். அந்த நேரங்களில் தரையும் காற்றும் கிட்டத்தட்ட ஒரே வெப்பத்தில் இருக்கும். நண்பகலில் தரையருகே உச்சத்தில் இருக்கும்.

*நட்சத்திரம் மட்டும் ஏன் மின்னுகிறது, கோள்கள் ஏன் மின்னுவதில்லை?*
நட்சத்திரம் ரொம்பத் தூரத்தில் இருப்பதால் வெறும் புள்ளி. வியாழன், வெள்ளி போன்ற கோள்கள் சின்ன வட்டம். வட்டத்தின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாக மின்னினாலும், சேர்ந்து பார்க்கும்போது ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது கோள்களும் கொஞ்சம் மின்னலாம்.

*அளந்துவிட்டால் சரிசெய்ய முடியுமா?*
ஓரளவு முடியும். வடிவத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை மாற்றிக்கொள்ளும் கண்ணாடியால் கலங்கிய ஒளியை நேராக்கலாம். 1953-இல் அமெரிக்க வானியலாளர் ஹொரேஸ் பேப்காக் சொன்ன யோசனை இது. சிலியில் கட்டப்படும் 39 மீட்டர் இ.எல்.டி. டெலஸ்கோப்பில் இதற்காகவே 5,000-க்கும் அதிகமான இயக்கிகள் பொருத்திய கண்ணாடி வருகிறது. ஆனால் எந்த உயரத்துக் காற்று எவ்வளவு கலைக்கிறது என்று தெரிந்தால்தான், இப்படிப்பட்ட கருவியை அந்த இடத்துக்கு ஏற்றபடி வடிவமைக்க முடியும். அந்தக் கணக்கில் தரையை ஒட்டிய பங்கைத்தான் ட்ரோன் இப்போது எடுத்துக் கொடுக்கிறது.